உடல் சட்டையன்று

அன்பின் ஐயா,

2004 டிசம்பர் 26 அன்று கரையில் தோணியைப் பார்க்கப் போன அப்பாவைச் சுனாமி கொண்டுபோனது, உடல் கிடைக்கவில்லை. அம்மா ஒவ்வொரு நவம்பர் 2ஆம் திகதியும் சேமக்காலையில் அப்பப்பாவின் கல்லறையருகே அப்பாவுக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்தி அழுகிறார். நான் இப்போது வேறொரு சபைக்குப் போகிறேன். ஆன்மா இறந்தவுடன் தீர்ப்புப் பெறுகிறதா, இறுதிநாள் வரை உறங்குகிறதா? உடல் ஆன்மா கழற்றிய சட்டைதானே, அதற்காக அழுவது மூடநம்பிக்கை என்று அம்மாவிடம் சொன்னேன். அவர் என்னோடு பேசுவதில்லை. நான் சொன்னது சரிதானே?

வாசகி, திருகோணமலை

அன்பின் மகளுக்கு,

நமது மரண வீடுகளில் ஆன்மாவைப் பற்றியே பேசி உடலை மறந்துவிடுகிறோமே என்று சில காலமாக எனக்குள் ஓர் ஆதங்கம் இருக்கிறது. உமது கடிதம் அதைத் தொட்டுவிட்டது.

ஆன்மா உறங்குகிறதா என்பது பழைய கேள்வி. நீதிமான்களின் ஆன்மாக்களும் இறுதித் தீர்வைக்குப் பின்னரே இறைவனை முகமுகமாய்க் காணும் என்று பாப்பரசர் இருபத்திரண்டாம் யோவானே 1331இல் பிரசங்கித்து, 1334இல் மரணப்படுக்கையில் அக்கருத்தைக் கைவிட்டார். அடுத்து வந்த பன்னிரண்டாம் பெனடிக்ற், தூய்மை பெற வேண்டியது எதுவுமில்லாத ஆன்மாக்கள் இறுதிநாள் வரை காத்திராமல் இறைவனைக் காண்கின்றன என்று 1336இல் வரையறுத்தார். கத்தோலிக்கருக்கு அது முடிந்த விடயம். உமது சபையாரோடு வாதிட எனக்கு விருப்பமில்லை.

எனக்குக் கோபம் வந்தது சட்டை என்று நீர் எழுதிய இடத்தில். பழைய உடையைக் களைந்து புதியதை உடுப்பதுபோல் ஆன்மா உடல்களை மாற்றுகிறது என்பது கீதை சொல்வது. கோணேசர் கோயிலுக்குப் போகும் நம் அயலவர்கள் அதில் ஆறுதல் அடைகிறார்கள். அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் நீர் சிறுவயதில் மனனம் செய்த விசுவாசப் பிரமாணம் சரீர உத்தானத்தை, அதாவது உடல் உயிர்த்தெழுவதை அல்லவா அறிக்கையிடுகிறது? உயிர்த்த ஆண்டவர் உடலைக் கல்லறையில் விட்டுவிட்டு வெறும் ஆவியாக வரவில்லை. காயங்களோடு வந்தார், சீடர்கள் கொடுத்த மீனை அவர்கள் கண்முன்னே உண்டார். "என் ஆன்மா நான் அன்று" என்றே இடைக்கால இறையியலாளர் அக்குவைனஸ் தோமையார் எழுதினார். உமது அப்பா என்பவர் தோணி தள்ளிக் காய்த்த தோளும், வலை இழுத்துத் தழும்பேறிய கைகளும் உடைய அந்த மனிதர். அவரையே முழுமையாகத் திரும்பப் பெறுவோம் என்பதுதான் கிறிஸ்தவ நம்பிக்கை. அதில் பாதியை நீர் எறிந்துவிட்டு, மீதியைக் காட்டி அம்மாவுக்குப் போதிக்கிறீர்.

என் பெரியம்மாவின் மூத்த மகன் ஒரு மாரிகாலத்தில் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அவர் தம் கணவரின் கல்லறையோரம் மகனுக்கென ஒரு மரச்சிலுவையை நட்டார். கல்லறைத் திருநாளுக்கு முதல்நாள் அதற்குச் சுண்ணாம்பு பூசுவார். காற்றில் அணையாதிருக்க மெழுகுதிரியைச் சிரட்டைக்குள் உருக்கி நிறுத்துவார். உடல் இல்லாத இடத்தில் சிலுவை எதற்கு என்று கோயில் காரியங்களைப் பார்த்த ஒருவர் அதைப் பிடுங்கச் சொன்னபோது, பெரியம்மா கேட்டார்: "ஆண்டவர் எழுப்பேக்க அவன் எங்க வருவான்? தகப்பனிட்டத்தானே வருவான்?" கடல் தன்னிலுள்ள இறந்தோரை ஒப்புவிக்கும் என்னும் திருவெளிப்பாடு 20ஆம் அதிகாரத்தை அவர் வாசித்தவர் அல்லர், ஆனால் அந்த நாளுக்காகவே சிலுவைக்குச் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருந்தார்.

410இல் உரோமை சூறையாடப்பட்டு, பல உடல்கள் அடக்கமின்றிக் கிடந்ததைப் பற்றி எழுதிய வட ஆபிரிக்க ஆயர் அகுஸ்தினார், அதனால் இறந்த விசுவாசிகளுக்கு ஒரு குறையும் இல்லை என்றார். அதே இடத்தில், தகப்பனின் மோதிரத்தையும் உடையையும் பிள்ளைகள் போற்றுவார்களானால், எந்த உடையையும்விட நமக்கு நெருக்கமான உடலை இகழலாகாது என்றும் சொன்னார். முதலாவது உமது அம்மாவுக்கான ஆறுதல், இரண்டாவது உமக்கான கண்டிப்பு. அகுஸ்தினாரின் தாய் மோனிக்கா, சொந்த ஊரில் கணவரின் அருகே அடக்கமாக ஆசைப்பட்டிருந்தவர், 387இல் ஒஸ்தியா துறைமுகத்தில் இறக்கும் தறுவாயில், உடலை எங்கேனும் வையுங்கள், ஆண்டவரின் பீடத்தில் என்னை நினையுங்கள் என்று மட்டுமே கேட்டார். ஆகவே அப்பாவின் பெயரில் ஒரு பூசை ஒப்புக்கொடுக்க அம்மாவுக்கு உதவும்.

இந்த நவம்பரில் நீரும் சேமக்காலைக்குப் போய், கல்லறையைச் சுற்றி முளைத்த புல்லைப் பிடுங்கிக் கொடும். அதற்கு முன் அம்மாவிடம் மன்னிப்புக் கேளும். மூடநம்பிக்கை என்ற சொல்லை அவர் முன்னால் இனி எடுக்கவே வேண்டாம்.