பாட்டு தயார், காகிதம் தயாரா?

தாமே பாட்டெழுதி, தாமே மெட்டமைத்து, தாமே பதிவு செய்கிறவர்கள் மியூசிக் லைப்ரரிகளைப் பற்றி, அதாவது படங்களிலும் விளம்பரங்களிலும் பயன்படுத்த ஆயத்தப் பாட்டுகளைச் சேர்த்துவைத்து உரிமம் விற்கும் நிறுவனங்களைப் பற்றி, நிறையவே கேள்வி கேட்டிருக்கிறார்கள். படங்களுக்கும் விளம்பரங்களுக்கும் பாட்டுப் பொறுக்கும் மேசையில் சில ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவன் என்ற தகுதியில் பதில் சொல்கிறேன். அங்கே நான் ஒதுக்கிய பாட்டுகளில் மோசமானவை குறைவு. யாருக்குச் சொந்தம் என்று தெரியாதவையே அதிகம்.

கேள்வி: மியூசிக் லைப்ரரி அப்படி என்னதான் செய்கிறது? என் பாட்டை நானே படக்காரர்களுக்கு அனுப்பினால் ஆகாதா?

பதில்: தாராளமாக அனுப்பலாம். ஆனால் மறுமுனையில் இருப்பவரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஓர் ஆவணப்படத்தின் எடிட்டர். காலையில் படத்தை ஒப்படைக்க வேண்டும். மழைக் காட்சி ஒன்றுக்கு நாற்பது விநாடி இசை வேண்டும். உங்கள் பாட்டு பிடித்துவிட்டால் அவர் இரண்டு அனுமதிகள் வாங்க வேண்டியிருக்கும். மெட்டும் வரிகளும் சேர்ந்த படைப்பைக் காட்சியோடு இணைப்பதற்கு ஒன்று. இதைத்தான் சிங்க் உரிமம் என்கிறார்கள். குறிப்பிட்ட அந்த ஒலிப்பதிவைப் பயன்படுத்துவதற்கு இன்னொன்று. அது மாஸ்டர் உரிமம். பெயர்பெற்ற பாட்டுகளில் இந்த இரண்டும் பெரும்பாலும் இரண்டு நிறுவனங்களிடம் இருக்கும். ஒவ்வொரு கதவாகத் தட்டி முடிக்க வாரக்கணக்கில் ஆகும். லைப்ரரி இரண்டையும் ஒரே தாளில் கொடுத்துவிடுகிறது.

தொழில் ஒன்றும் புதிதில்லை. லண்டனில் டி வுல்ஃப் நிறுவனம் 1909இல் தொடங்கியபோது மௌனப் படங்களுக்கு வாசிப்பதற்கான இசைக்குறிப்புத் தாள்களை வழங்கிக்கொண்டிருந்தது. தாள் போய் இசைத்தட்டு வந்தது, தட்டு போய்க் கோப்பு வந்தது. வாங்குகிறவர் எதிர்பார்ப்பு மட்டும் மாறவில்லை: தேடியதும் கிடைக்க வேண்டும், வாங்கிய பிறகு வம்பு வரக் கூடாது. நீங்களே எழுதி, உங்கள் செலவில் பதிவு செய்த பாட்டு என்றால் இரண்டு உரிமைகளும் உங்கள் கையில். உங்களுக்கு இருக்கும் பெரிய பலம் அதுதான்.

கேள்வி: ஒரு லைப்ரரி பிரத்தியேக ஒப்பந்தம் கேட்கிறது, இன்னொன்று பிரத்தியேகம் இல்லாமலே எடுத்துக்கொள்கிறது. எதில் கையெழுத்துப் போடுவது?

பதில்: பிரத்தியேகம் இல்லாதது சுதந்திரமாகத் தோன்றும். ஒரே பாட்டை ஐந்து இடங்களில் வைக்கலாமே என்று மனம் கணக்குப் போடும். அந்தக் கணக்கின் மறுபக்கத்தையும் பாருங்கள். ஒரே தேர்வாளருக்கு ஒரே பாட்டு மூன்று லைப்ரரிகளிலிருந்து, மூன்று விலையில் வந்து சேரும். அவர் மலிவானதை எடுப்பார் என்று நினைப்பீர்கள். பல நேரம் எதையும் எடுக்க மாட்டார். நாளைக்கு மூன்று பேரும் பணம் கேட்டு வந்தால் என்ன செய்வது என்ற பயம்.

பழைய வழக்கம் ஒன்று உண்டு. பிரத்தியேகமில்லாத லைப்ரரி உங்கள் பாட்டுக்குப் புதுப் பெயர் சூட்டி, அந்தப் பெயரில் ராயல்டி சங்கத்தில் (பாட்டு ஒலிப்பதற்கான பணத்தை வசூலித்துப் பிரித்துக் கொடுக்கும் அமைப்பில்) பதிந்துகொள்ளும். ராயல்டியில் பதிப்பாளர், அதாவது பாட்டின் உரிமையை நிர்வகிப்பவர், பெறும் பங்கு தன்னிடம் வர வேண்டும் என்பதற்காக. கியூ ஷீட்டில் (நிகழ்ச்சியில் ஒலித்த இசையின் பட்டியலில்) பெயரைப் படித்துப் பணம் பிரித்த காலத்தில் இது ஓடியது. இப்போது ஒலியின் ரேகையை வைத்தே பாட்டை அடையாளம் காணும் மென்பொருள்கள் இருக்கின்றன. அவற்றுக்குப் பெயர் முக்கியமில்லை. நான்கு பெயரில் ஒரே ஒலி இருந்தால் பணம் யாருக்கு என்பதில் குழப்பம்தான் மிஞ்சும். எனக்கு இந்தப் பெயர்மாற்று முறை பிடிக்காது.

பிரத்தியேகம் என்றால் மூன்று இடங்களில் பேனாவை நிறுத்துங்கள். முதலாவது, காலம். 'என்றென்றைக்கும்' என்று எழுதியிருந்தால் அது கிட்டத்தட்ட விற்பனை. அதற்கு முன்பணம் இருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு அல்லது மூன்று ஆண்டு என்று கேளுங்கள். அதற்குள் ஒரு உரிமம்கூட விற்கவில்லை என்றால் பாட்டு உங்களிடமே திரும்பும் என்ற வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள். இரண்டாவது, எது பிரத்தியேகம் என்பது. காட்சிக்கான உரிமம் மட்டுமா, ஸ்ட்ரீமிங்கும் சேர்த்தா? உங்கள் பாட்டை நீங்களே ஆல்பத்தில் வெளியிட முடியாமல் போன கதைகள் உண்டு. மூன்றாவது, பங்கு. உரிமத் தொகையில் பாதிக்குப் பாதி என்பது பரவலான வழக்கம். ஆனால் 'செலவுகள் போக' என்று ஒட்டிக்கொண்டிருந்தால் என்னென்ன செலவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

எல்லாப் பாட்டையும் ஒரே வழியில் அனுப்ப வேண்டும் என்று யார் சொன்னது? நான்கைந்து பாட்டைப் பிரத்தியேகமாகக் கொடுத்துப் பாருங்கள். மீதி உங்களிடமே இருக்கட்டும்.

கேள்வி: 'ராயல்டி-ஃப்ரீ' லைப்ரரியில் சேர்ந்தால் எனக்கு ராயல்டியே வராதா?

பதில்: பெயர் வைத்தவர் வாங்குபவரை மனத்தில் வைத்து வைத்திருக்கிறார். ஒருமுறை பணம் கட்டினால் பிறகு ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் லைப்ரரிக்குக் கட்ட வேண்டாம் என்பதே அதன் பொருள். இலவசம் என்று பொருளில்லை. உங்கள் பாட்டு உள்ள நிகழ்ச்சி தொலைக்காட்சியில் ஒளிபரப்பானால், பொதுநிகழ்த்துகைக்கான (பொதுவில் ஒலிப்பதற்கான) ராயல்டி தனிக் கணக்கு. அதை ஒளிபரப்பு நிறுவனங்களிடம் வசூலிப்பது அமெரிக்காவின் ஆஸ்காப், பிஎம்ஐ, பிரிட்டனின் பிஆர்எஸ், பிரான்சின் சாசெம், இந்தியாவின் ஐபிஆர்எஸ் போன்ற சங்கங்கள். சாசெம் 1851இலிருந்து இந்த வேலையைச் செய்துவருகிறது. தொகை பெரும்பாலும் இரண்டு பாதியாகப் பிரியும்: எழுதியவர் பங்கு, பதிப்பாளர் பங்கு. லைப்ரரி வழக்கமாகக் கேட்பது பதிப்பாளர் பங்கை. எழுதியவர் பங்கிலும் கைவைக்கிற ஒப்பந்தம் வந்தால் எழுந்து போய்விடுங்கள்.

சங்கத்துக்கு உங்கள் பாட்டு ஓடியது எப்படித் தெரியும்? கியூ ஷீட் மூலம். நிகழ்ச்சியில் எந்த இசை, யார் எழுதியது, யார் பதிப்பாளர், எத்தனை விநாடி, பின்னணியா முகப்பிசையா என்று தயாரிப்பு நிறுவனம் நிரப்பும் பட்டியல் அது. அதில் உங்கள் பெயர் இல்லையென்றால் பாட்டு உலகம் முழுக்க ஒலித்தாலும் உங்களுக்கு ஒன்றும் வராது. ஆகவே நிகழ்ச்சி ஒளிபரப்பானது தெரிந்தால் கியூ ஷீட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள். வெட்கப்பட வேண்டாம்.

சில சந்தா லைப்ரரிகள் சங்க உறுப்பினர்களின் பாட்டை எடுப்பதே இல்லை. எல்லா உரிமையும் தங்களிடமே இருக்க வேண்டும் என்பார்கள். சேர்வதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொரு விநோதம்: அமெரிக்கத் திரையரங்குகள் படத்திலுள்ள இசைக்கு நிகழ்த்துகை ராயல்டி கட்டுவதில்லை. 1948இல் வந்த ஒரு நீதிமன்றத் தீர்ப்பின் விளைவு. அதே படம் பிறகு தொலைக்காட்சிக்கு வரும்போது கணக்கு தொடங்கும்.

கேள்வி: பிரபலமான ஒரு பாட்டை என் பாணியில் பாடிப் பதிவு செய்திருக்கிறேன். லைப்ரரியில் வைக்கலாமா?

பதில்: முடியாது. ஒலிப்பதிவு உங்களுடையது, பாட்டு உங்களுடையதல்ல.

கேள்வி: ஆல்பத்தை ஒரு விநியோக நிறுவனம் வழியாக எல்லா ஸ்ட்ரீமிங் தளங்களிலும் வெளியிட்டேன். பிறகு அதிலிருந்து இரண்டு பாட்டை லைப்ரரிக்குக் கொடுத்தேன். இப்போது, பாட்டை வாங்கிய வாடிக்கையாளரின் யூடியூப் வீடியோ மீது நான் உரிமை கோரியிருப்பதாக லைப்ரரி கோபமாக எழுதுகிறது. நான் யார் மீதும் புகார் கொடுக்கவில்லையே?

பதில்: கொடுத்திருக்கிறீர்கள், உங்களுக்கே தெரியாமல். ஆல்பத்தை வெளியிடும்போது நிரப்பிய படிவத்தில் கன்டென்ட் ஐடி என்று ஒரு கட்டம் இருந்திருக்கும், டிக் அடித்திருப்பீர்கள். யூடியூப் 2007இல் கொண்டுவந்த ஏற்பாடு அது. உங்கள் பாட்டின் ஒலிரேகையைப் பதிந்துவைத்துக்கொண்டு, அதே ஒலி வரும் வீடியோக்களை எல்லாம் தானாகவே பிடித்து, விளம்பர வருமானத்தை உங்கள் பக்கம் திருப்பும். அது உரிமம் வாங்கியவரையும் திருடியவரையும் பிரித்துப் பார்க்காது. காசு கொடுத்து வாங்கியவர் வீட்டுக்கே ஜப்தி ஆள் போன மாதிரி ஆகிவிடுகிறது.

எனக்கே நடந்திருக்கிறது. ஒரு விளம்பரத்துக்கு நான் பரிந்துரைத்த பாட்டு, எல்லோருக்கும் பிடித்திருந்தது. பதிவேற்றிய ஒரு மணி நேரத்தில் உரிமைகோரல் வந்தது. வாடிக்கையாளர் என்னைக் கூப்பிட்டார், நான் பாடலாசிரியரைக் கூப்பிட்டேன். அவர் பூமியின் மறுபாதியில் நல்ல தூக்கத்தில் இருந்தார். எழுந்து பார்த்தபோது இங்கே வேறு இசையைப் போட்டு வேலையை முடித்துவிட்டிருந்தார்கள். அவர் மேல் தப்பில்லை, என் மேல்தான். முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும்.

உடனே விநியோக நிறுவனத்துக்கு எழுதி அந்த இரண்டு பாட்டையும் கன்டென்ட் ஐடியிலிருந்து நீக்கச் சொல்லுங்கள். நீக்க நாளாகும் என்றால், அந்த வாடிக்கையாளரின் சேனலை மட்டுமாவது விடுவிக்கச் சொல்லுங்கள். சில லைப்ரரிகள் கன்டென்ட் ஐடியைத் தாங்களே நிர்வகித்து, வாங்கியவர்களை விடுவித்தும் கொடுக்கும். சில லைப்ரரிகள் அந்தப் பக்கமே போகக் கூடாது என்பார்கள். உங்களுடையது எந்த வகை என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: என் நண்பரும் நானும் சேர்ந்து எழுதிய பாட்டு. இப்போது பேச்சுவார்த்தை இல்லை. நான் தனியாகக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். லைப்ரரி ஒப்பந்தத்தில் 'முழு உரிமையும் என்னுடையது' என்று உறுதிமொழி கொடுப்பீர்கள். பொய்யானால் வழக்குச் செலவு உட்பட இழப்பு உங்கள் தலையில். சண்டை இருந்தாலும் ஒரு பக்கத் தாள் போதும்: பாட்டின் பெயர், மெட்டில் யாருக்கு எத்தனை சதவீதம், வரிகளில் எத்தனை, ஒலிப்பதிவில் எத்தனை, இரண்டு கையெழுத்து. ஒவ்வொன்றிலும் தனித்தனியே கூட்டினால் நூறு வர வேண்டும். கிட்டார் வாசிக்க வந்தவர், கோரஸ் பாடியவர் ஆகியோரிடமும் ஊதியம் பெற்றுக்கொண்டதாகவும் வேறு உரிமை கோரமாட்டேன் என்றும் எழுதி வாங்குங்கள். பதிவு நடக்கும் அன்றே வாங்கினால் இரண்டு நிமிட வேலை. பாட்டு விலைபோன பிறகு வாங்கினால் இரண்டு மாதப் பேரம்.

கேள்வி: நான் என் தாய்மொழியில்தான் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் இல்லாவிட்டால் எடுப்பார்களா?

பதில்: எடுப்பார்கள், ஆனால் எண்ணிக்கை குறைவு. காட்சியில் ஆள் பேசும்போது அடியில் ஒருவர் பாடினால், எந்த மொழியானாலும் எடிட்டருக்குத் தலைவலி. மறுபக்கம், கேட்பவருக்குப் புரியாத மொழியில் பாடினால் வசனத்தோடு மோதாது என்று அதையே தேடி வருகிறவர்களும் உண்டு. வரிகளின் மொழிபெயர்ப்பை மறக்காமல் இணைத்து அனுப்புங்கள். என்ன பாடுகிறார்கள் என்று தெரியாத பாட்டை யாரும் படத்தில் வைக்கத் துணிய மாட்டார்கள்.

அதைவிட முக்கியம், குரல் இல்லாத வடிவம். மிக்ஸ் முடிகிற அன்றே எடுத்துவையுங்கள். ஓராண்டு கழித்து அந்தக் கோப்பைத் திறந்தால் பாதி பிளக்-இன் (இசை மென்பொருளோடு சேரும் துணை மென்பொருள்) வேலை செய்யாது. கூடவே தாளம், பேஸ், மற்ற கருவிகள், குரல் என்று தனித்தனி ஸ்டெம்கள். 60, 30, 15 விநாடி வெட்டுகள் இருந்தால் விளம்பரக்காரர்கள் கும்பிடுவார்கள். பாட்டு மெல்லத் தேய்ந்து மறைவதைத் தவிருங்கள். ஒரு தெளிவான அடியில் முடியட்டும். காட்சியின் வெட்டும் இசையின் முடிவும் ஒரே இடத்தில் விழுவதில் எடிட்டருக்கு இருக்கும் ஆனந்தம் தனி.

கேள்வி: லூப், சாம்பிள், செயற்கை நுண்ணறிவு ஆகியவற்றைப் பயன்படுத்தலாமா?

பதில்: விலைக்கு வாங்கிய சாம்பிள் (பிறர் பதிவு செய்த ஒலித்துண்டு) தொகுப்பானாலும் அதன் உரிம விதியைப் படியுங்கள். சில தொகுப்புகள் லைப்ரரி இசைக்குப் பயன்படுத்துவதை வெளிப்படையாகத் தடுக்கின்றன. பலரும் வாங்கிய மெட்டு லூப் (திரும்பத் திரும்ப ஒலிக்கும் துண்டு) உங்கள் பாட்டில் மறைவில்லாமல் ஒலித்தால் ஒலிரேகை மோதல் நிச்சயம்.

செயற்கை நுண்ணறிவு விஷயத்தில், கட்டளை மட்டும் தட்டிப் பெற்ற பாட்டுக்குப் பதிப்புரிமை கிடைக்காது என்ற நிலைப்பாட்டை அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2025 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையில் எடுத்திருக்கிறது. உரிமையே இல்லாத ஒன்றுக்கு எப்படி உரிமம் கொடுப்பீர்கள்? எங்காவது பயன்படுத்தியிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பட்டியலில் சேர்க்கக் கட்டணம் கேட்கிறார்கள்.

பதில்: உங்கள் பாட்டை விற்றுச் சம்பாதிக்க வேண்டியவர்கள் உங்களிடமே சம்பாதித்துவிட்டால் விற்கும் அவசரம் அவர்களுக்கு ஏன் இருக்கும்?

கேள்வி: பாட்டு ஒரு தொடரில் ஒலித்து ஐந்து மாதமாகிறது. ராயல்டி வரவில்லை.

பதில்: இன்னும் பொறுங்கள். உள்நாட்டு ஒளிபரப்புக்கே ஆறு முதல் ஒன்பது மாதம் ஆவது சாதாரணம். வெளிநாடு என்றால் ஒரு வருடத்தைத் தாண்டும். காத்திருக்கும் நேரத்தில் சங்கத்தில் பாட்டு பதிவாகியிருக்கிறதா, உங்கள் பெயர் எழுத்துப் பிழையில்லாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கேள்வி: கோப்பை எப்படி அனுப்புவது? பெயர் எப்படி வைப்பது?

பதில்: காட்சி வேலைக்கு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வாவ் கோப்பு. கேட்டுப் பார்ப்பதற்கு எம்பி3. வாவ் கோப்பில் விவரங்கள் ஒழுங்காக ஒட்டாது, எம்பி3இல் ஒட்டும். பாட்டின் பெயர், எழுதியவர், சங்கம், ஒலிப்பதிவை அடையாளம் காட்டும் 12 எழுத்துகள் கொண்ட ஐஎஸ்ஆர்சி எண், மின்னஞ்சல் எல்லாவற்றையும் அந்த எம்பி3க்குள்ளேயே எழுதிவையுங்கள். மின்னஞ்சலில் எழுதினால் மின்னஞ்சலோடு போய்விடும். கோப்பு மட்டும் கைமாறிக்கொண்டே இருக்கும்.

'கடைசி மிக்ஸ் புதிது 3' என்ற பெயரில் ஒரு பாட்டு எனக்கு வந்தது. யாரிடமிருந்து வந்தது என்று நினைவில்லை. ஒரு பெண்குரலும் ஒரே ஒரு பியானோவும். ஒரு படத்தின் கடைசிக் காட்சிக்கு அதைவிடப் பொருத்தமாக வேறொன்றும் கிடைக்கவில்லை. இரண்டு நாள் தேடினேன், இயக்குநரும் தேடினார். பிறகு வேறு பாட்டை வாங்கினோம். அந்தக் கோப்பு இன்னும் என் கணினியில் அதே பெயரில் இருக்கிறது.