மிச்சமிருக்கும் பூச்சிமருந்தை என்ன செய்வது?

கேள்வி: கோத்தகிரியில் அப்பாவின் பழைய தோட்டக் கொட்டகையில் அரை பாட்டில் எண்டோசல்பான் கிடந்தது. பின்னால் ஓடும் ஓடையில் ஊற்றினால் மழையோடு போய்விடாதா?

பதில்: தயவுசெய்து ஊற்றிவிடாதீர்கள். மீன்களுக்கு அது கொடிய நஞ்சு. உங்கள் ஊர் ஓடைகள் எந்தச் சரிவில் இறங்கினாலும் பவானியிலோ மோயாற்றிலோ கலந்து பவானிசாகர் அணைக்குத்தான் போகின்றன. நீங்கள் கொல்லையில் கொட்டுவது கீழே இருப்பவர்களின் தண்ணீரில் கலக்கும். கழிப்பறையில் ஊற்றினால் செப்டிக் தொட்டியின் நுண்ணுயிரிகள் சாகும்; மிச்சம் மண்ணுக்குள் இறங்கி ஊற்றுநீரைக் கெடுக்கும். புதைப்பதும் எரிப்பதும் கூடவே கூடாது.

எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011இல் தடைசெய்தது. வீணாகிறதே என்று பக்கத்துத் தோட்டத்துக்கும் கொடுக்காதீர்கள். கையுறை அணிந்து மூடியை இறுக்கி, லேபிளோடு மணல் நிரப்பிய வாளியில் நிறுத்திப் பூட்டி வையுங்கள். வேறு பாட்டிலுக்கு மாற்றவே வேண்டாம். குளிர்பானப் பாட்டிலில் இருக்கும் நஞ்சைக் குழந்தை எப்படி அடையாளம் காணும்? வீடுகளின் அபாயக் கழிவைத் தனியே பெற மையம் அமைக்கும் பொறுப்பை 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் உள்ளாட்சிகளுக்குத் தந்தன. எங்கே, என்றைக்கு வாங்குகிறார்கள் என்று கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால் மனுக் கொடுங்கள். கேட்பவர்கள் பெருகினால்தான் இந்த ஏற்பாடு மலையில் நடைமுறைக்கு வரும்.

கேள்வி: உதகையில் வீட்டுத் தோட்டத்து முட்டைக்கோஸை நத்தைகள் தின்று தீர்க்கின்றன. நத்தைக்கொல்லி குருணை போடலாமா?

பதில்: வீட்டில் நாய் இருந்தால் வேண்டவே வேண்டாம். மெட்டால்டிஹைடு குருணையைத் தின்னும் நாய்க்கு வலிப்பு வரும். மாலையில் பாத்திகளுக்கு நடுவே ஈரச் சாக்கை விரியுங்கள். விடிந்ததும் புரட்டினால் அடியில் ஒண்டியிருக்கும். பொறுக்கி உப்புநீரில் போடுங்கள். பாசனத்தையும் காலைக்கு மாற்றுங்கள். இரவில் மண் ஈரமாக இருந்தால் நத்தைக்குக் கொண்டாட்டம்.

கேள்வி: குன்னூர்க் குளிருக்குக் கம்பளி இல்லாமல் முடியாது. அந்துருண்டை போடாமல் பாதுகாக்க முடியுமா?

பதில்: முடியும். கம்பளியைத் தின்பது அந்துப்பூச்சியின் புழு. வியர்வையும் பிசுக்கும் படிந்த துணிதான் அதற்குப் பிடிக்கும். துவைத்து, நல்ல வெயிலில் காயவைத்து, காற்றுப் புகாத பையில் வையுங்கள். கைக்குழந்தை உள்ள வீட்டில் அந்துருண்டையை நான் அனுமதிக்கவே மாட்டேன். ஜி6பிடி நொதிக் குறைபாடுள்ள குழந்தைக்கு, அந்த நெடி ஏறிய துணியே ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடக்கூடும்.

கேள்வி: கூடலூரில் எலித் தொல்லை. பாதி எலிக்கொல்லிப் பசை மீதமிருக்கிறது. வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். அதையும் முதல் பதிலில் சொன்னபடி ஒப்படையுங்கள். பொந்துகளைச் சிமெண்டால் அடைத்து, அரிசியைத் தகர டப்பாவில் வைத்து, எலிப்பொறி வையுங்கள். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பசைக்கு மாற்று மருந்து கிடையாது. விழுங்கியவர் ஓரிரு நாள் நன்றாக இருப்பதுபோல் தெரிவார். பிறகு கல்லீரல் செயலிழக்கும். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே 108ஐ அழைத்து, பசைக் குழாயோடு மருத்துவமனைக்குப் போங்கள். டெல்லி எய்ம்ஸ் நச்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117.