எல்லா மாத்திரையையும் நிறுத்த வேண்டாம் சகோதரி

முடக்குவாதத்துக்கு (ருமட்டாய்டு மூட்டு நோய்) வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட், தினமும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் எடுக்கிறீர்கள். குழந்தை வேண்டுமென்றால் எல்லாவற்றையும் நிறுத்து என்கிறார் மாமியார் என்று எழுதியிருக்கிறீர்கள். நிறுத்தியே ஆகவேண்டியது மெத்தோட்ரெக்ஸேட் மட்டும்தான். கருச்சிதைவு, பிறவிக் குறைபாடு இரண்டுக்கும் அது காரணமாகலாம். முயற்சிக்கு 1 முதல் 3 மாதம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அதுவரை கருத்தடை கட்டாயம். ஃபோலிக் அமிலத்தை விட்டுவிடாதீர்கள்.

ஹைட்ராக்சிகுளோரோகுயினைக் கர்ப்பத்திலும் தொடரலாம். மெத்தோட்ரெக்ஸேட்டுக்குப் பதிலாக சல்ஃபாசலசின் கொடுப்பதுண்டு. புது மருந்தில் மூட்டுகள் சில மாதமாவது அடங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு முயலுங்கள். வீக்கம் ஓயாத நிலையில் கருத்தரித்தால் குறைப்பிரசவம், எடை குறைந்த குழந்தை என்று சிக்கல் கூடும். மாமியாரிடம் இதைத்தான் சொல்ல வேண்டும், முடிந்தால் மருத்துவர் வாயாலேயே.

அப்புறம், இதே நோய்க்குத் தரும் லெஃப்ளுனோமைட் என்ற மருந்தை எப்போதாவது எடுத்திருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அது 2 ஆண்டு வரைகூட உடம்பில் தங்கும். அதை வெளியேற்ற கொலஸ்டிரமின் என்ற மருந்து தருவார்கள். வலி மாத்திரைகளைப் பற்றியும் கேளுங்கள், சில கருத்தரிப்பதையே தாமதப்படுத்தலாம்.

கர்ப்பத்தில் பலருக்கு வலி குறையும். பிரசவத்துக்குப் பின் திரும்புவது சகஜம். அப்போது குழந்தையைத் தூக்க ஆள் வேண்டும். அம்மா வீட்டில் இப்போதே சொல்லி வையுங்கள்.