மண்டபம் கரையில் கிடைத்த ஓடு: டயடிமா அல்ல

முள்ளெல்லாம் கொட்டிய கடல் முள்ளெலி ஓட்டின் படத்தைப் போட்டு, இது டயடிமா பேரினமா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை நண்பரே.

முள் பொருந்தியிருந்த குமிழ்களை லென்ஸ் வைத்துப் பாருங்கள். டயடிமாவில் ஒவ்வொரு குமிழின் உச்சியிலும் சிறு துளை இருக்கும். உங்கள் படத்தில் துளையே இல்லை. குமிழைச் சுற்றிப் பல் பல்லாக விளிம்பு மட்டும் தெரிகிறது. ஓட்டின் சிறு தகடுகள் ஒன்றோடொன்று கூடும் இடத்தில் குழிகளும் இருப்பதால் டெம்னோப்ளூரிடே குடும்பம் என்பேன்.

பேரினத்துக்கு அந்தக் குழிகள்தான் சாட்சி. தகட்டு இணைப்பு நெடுக ஆழமாக வெட்டினாற்போல் இருந்தால் டெம்னோப்ளூரஸ்; மூலைகளில் மட்டும் ஊசி குத்தினாற்போல் இருந்தால் சால்மாசிஸ். இரண்டும் மன்னார் வளைகுடாவில் உண்டு. படம் கொஞ்சம் மங்கல், ஆனாலும் எனக்குச் சால்மாசிஸாகத்தான் படுகிறது. ஓரிரண்டு முள் ஒட்டியிருந்தால் நிறத்தையும் சொல்லுங்கள்: சிவப்பில் மஞ்சள் வளையம் என்றால் சால்மாசிஸ் பைகலர் என்ற இனமாக இருக்கலாம்.

குழாய்க்கால்கள் (நகர உதவும் மெல்லிய கால்கள்) வெளிவரும் துளைகளை எண்ணி வகைப்படுத்த முயன்றதாக எழுதியிருந்தீர்கள். இங்கே அது உதவாது. இரண்டு பேரினங்களிலுமே தகட்டுக்கு மூன்று இணைத் துளைகள்தான்.

ப்ளீச்சில் ஊறப்போடாதீர்கள், ஓடு தகடு தகடாகப் பிரிந்துவிடும். இன்னொன்று, மன்னார் வளைகுடாத் தீவுகளிலிருந்து எதையும் எடுக்காதீர்கள், அது தேசியப் பூங்கா.