எங்கப்பன் குதிருக்குள் இல்லை (கடிதம்)

அன்புள்ள சார்,

என் மகளுக்கு ஆறு வயது. மூன்று மாதம் முன்பு என் அப்பா ஐசியுவில் இருந்தார், இப்போது நலம். அதிலிருந்து இவளுக்கு ஒரே விளையாட்டுதான். கரடி பொம்மையைப் படுக்கவைத்து, சார்ஜர் ஒயரை ட்ரிப்ஸ் என்று கட்டி, எங்களைக் கதவுக்கு வெளியே நிறுத்துகிறாள். ‘கரடிக்குச் சரியாயிடுச்சு, வீட்டுக்குப் போலாம்’ என்றால் அழுகை. பார்க்கிலும் ஓரமாகவே நிற்கிறாள். அறிவை வளர்க்கும் பொம்மைகள் வாங்கித் தந்து மனதை மாற்றலாமா?

எம்.

அன்புள்ள எம்.,

பார்க்கை விடுங்கள். வேடிக்கை பார்ப்பதும் விளையாட்டில் சேர்த்திதான். எங்கள் தெருவில் அப்படி நிற்கும் பிள்ளையை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வோம், அவுட்டே கிடையாது, பத்து நாளில் அதுவே எங்களை விரட்டும்.

எனக்கு ஏழு வயதில் அப்பா வட்டிக்கு வாங்கியிருந்தார். தெருமுனையில் வட்டிக்காரரின் புல்லட் வண்டிச் சத்தம் கேட்டதும் அப்பா கட்டிலுக்கு அடியில் போய்விடுவார், நான் வாசலில் நின்று ‘அப்பா ஊருக்குப் போயிருக்காங்க’ என்பேன். ‘எங்கப்பன் குதிருக்குள் இல்லை’ பழமொழிக்கு எல்லோரும் சிரிக்கும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை. பகலில் நானும் தங்கையும் அதையே விளையாடினோம். அவள் வட்டிக்காரர், கக்கத்தில் மஞ்சப்பை. நான் பொய் சொன்னதும் கேட்பாள்: “அப்ப அந்தச் செருப்பு யாருது?” நிஜ வட்டிக்காரர் ஒருநாளும் அதைக் கேட்டதில்லை. நான் பயந்து செத்தது அந்தக் கேள்விக்குத்தான். பல நாள் ஆடித்தான் ஒரு பதிலைப் பிடித்தேன்: “அது பழசு.”

அப்பா ஒருநாள் பார்த்துவிட்டார். அடிக்கவில்லை. மறுநாள் பம்பரம் வாங்கி வந்தார், நாங்களும் அந்த ஆட்டத்தை விட்டுவிட்டோம். பிறகு புல்லட் சத்தம் கேட்டால் எனக்கு வயிறு கலக்க ஆரம்பித்தது. நீங்களும் பொம்மை வாங்கப் போகிறேன் என்கிறீர்கள்.

மனதை ஆராய்ந்த மருத்துவர் ஃப்ராய்டு 1920இல் தன் ஒன்றரை வயதுப் பேரனைப் பற்றி எழுதினார். நூல் கட்டிய மரச்சுருளைக் கட்டிலுக்கு அப்பால் வீசுவான், இழுப்பான், மறுபடி வீசுவான். அம்மா விட்டுவிட்டுப் போவதை அந்தப் பயல் தன் கையாலேயே நடத்திப் பார்த்தான். உங்கள் மகளும் அதைத்தான் செய்கிறாள். ஆஸ்பத்திரியில் அவளை யாரும் உள்ளே விடவில்லை, இங்கே விடாதவள் அவள். அந்த ஒரு அதிகாரத்தையும் பிடுங்கிக்கொண்டு கரடியை டிஸ்சார்ஜ் செய்ய நீங்கள் யார்? பதற்றம் உங்களுக்கு, அவளுக்கு இல்லை.

சரி, ஒரு எச்சரிக்கை. 1976இல் கலிபோர்னியாவின் சவுசில்லாவில் பள்ளிப் பேருந்திலிருந்து 26 பிள்ளைகளைக் கடத்தி, மண்ணுக்கடியில் ஒரு வண்டிக்குள் அடைத்தார்கள். எல்லோரும் தப்பினார்கள். அவர்களை ஆராய்ந்த மனநல மருத்துவர் லெனோர் டெர், அந்தப் பிள்ளைகளின் விளையாட்டில் குதூகலம் இல்லை, அதே ஆட்டம் மாறாமல் திரும்பத் திரும்ப வருகிறது என்பதைக் கவனித்தார். அப்படித் தெரிந்தால் மருத்துவரிடம் போங்கள்.

அதுவரை, நிற்கச் சொன்ன இடத்தில் நில்லுங்கள். கால் வலித்தால் நாற்காலி கேளுங்கள். அப்புறம் மெதுவாக, “கரடி சாப்பிட்டாரா சிஸ்டர்?”