வேலையை விட்டால்தான் ஊழியமா?

அன்புள்ள டீச்சர்,

நான் சுங்கை சிப்புட்டில் செம்பனை ஆலையில் வேலை செய்கிறேன். மலேசியப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். வரைதான் படிப்பு. கர்த்தர் என்னை ஊழியத்துக்கு அழைக்கிறார் என்று உறுதியாகப் படுகிறது. கனவும் வருகிறது. வேலையை விட்டுவிட்டு பைபிள் காலேஜில் சேரப் போகிறேன். என்னைப் போன்ற சாதாரண ஆளைக் கடவுள் கூப்பிடுவாரா? பேதுரு வலையை விட்டார், எலிசா ஏர் மாட்டையே அடித்து விருந்து வைத்தார். ஆனால் என் மனைவி தடுக்கிறாள். இது பிசாசின் தடை என்கிறார் சபையில் ஒரு சகோதரர். எந்தக் காலேஜ் நல்லது?

ச.

அன்புள்ள தம்பி,

சாதாரண ஆளை விட்டால் அவர் வேறு யாரைக் கூப்பிட்டிருக்கிறார்? ஆமோஸ் ஆடு மேய்த்தவர், காட்டத்திப் பழம் பொறுக்கியவர். 'யூதாவுக்கு ஓடிப்போய் அங்கே தீர்க்கதரிசனம் சொல்லிப் பிழைத்துக்கொள்' என்று பெத்தேல் ஆசாரியன் விரட்டியபோது, 'நான் தீர்க்கதரிசியும் இல்லை, தீர்க்கதரிசியின் மகனும் இல்லை' என்றார். 2022-ல் போப் பிரான்சிஸ் புனிதராக அறிவித்த நம் தேவசகாயம் பிள்ளை குருவானவர் அல்ல, குடும்பஸ்தர். கனவை விடுங்கள். எனக்கும் வருகிறது, பெரும்பாலும் பள்ளி இன்ஸ்பெக்டர்தான் வருகிறார்.

சில நாளாக எங்கள் ரப்பர் தோட்டத்து உபதேசியார் நினைப்பாகவே இருந்தேன். டவுனிலிருந்து சாமியார் மாதம் ஒருமுறைதான் பூசைக்கு வருவார். மற்ற நாளெல்லாம் உபதேசியார்தான். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், தன் நிரை மரங்களில் பால்வெட்டை முடித்து, பாலை ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வருவார். சாயங்காலம் தொழிலாளர் வீடுகள் இருந்த லயத்துக் கோடியில் எங்களை உட்காரவைத்து மந்திரம் சொல்லித் தருவார். சொல்லிக்கொண்டே முழங்கையில் காய்ந்த பாலை உரித்து உருட்டுவார். முடியோடு சேர்ந்து வரும்போது பரலோக மந்திரத்தின் நடுவே 'ஸ்ஸ்' என்பார். அதுவும் மந்திரம் என்று நாங்களும் 'ஸ்ஸ்' என்போம்.

யார் செத்தாலும் குளிப்பாட்ட அவர்தான். தோட்டத்துக் கணக்கர் கிராணியிடம் போய்ப் பேச, ஊருக்குக் கடிதம் எழுத, எல்லாவற்றுக்கும் அவர்தான். இந்து வீடா, வேத வீடா என்று பார்த்ததில்லை. மறுநாள் பெரட்டுக்கும் தவறியதில்லை.

இப்போது உங்களைத் திட்ட வேண்டும். பேதுரு வலையை விட்டார், சரி. மாற்கு முதல் அதிகாரத்தில் அதற்குப் பிறகு நடப்பதைப் படித்தீர்களா? இயேசு பேதுருவின் வீட்டுக்குப் போய், காய்ச்சலாகக் கிடந்த மாமியாரை எழுப்பிவிடுகிறார். மாமியார் இருக்கிறார் என்றால் பெண்டாட்டி எங்கே போனாள்? கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம், 9-ஆம் அதிகாரம் பாருங்கள்: கேபா, அதாவது நம் பேதுரு, மனைவியோடுதான் பயணம் போகிறார். அதைச் சொல்லும் பவுல், கொரிந்துவில் ஆக்கில்லா வீட்டில் தங்கிக் கூடாரம் தைத்துச் சாப்பிட்டவர். உங்கள் எலிசாவும், 'அப்பா அம்மாவை முத்தமிட்டுவிட்டு வருகிறேன்' என்று கேட்ட பிறகுதான் மாட்டை அடித்தார்.

உங்கள் கடிதம் நீளமானது, மேலே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். அத்தனை பக்கத்திலும் மனைவி தடுக்கிறாள் என்று இருக்கிறதே தவிர, என்ன சொல்லித் தடுக்கிறாள் என்று ஒரு வரி இல்லை. வீட்டு வாடகை, பிள்ளைகளின் பஸ் காசு என்று அவள் கணக்குப் போட்டால் அது பிசாசா? அப்படிச் சொன்ன சகோதரர் மாதாமாதம் உங்கள் வீட்டுக்கு அரிசி வாங்கிப் போடுவாரா? கேட்டுப் பாருங்கள்.

முழுநேரமாகப் போகவே கூடாது என்று சொல்லவில்லை. போனவர்களில் நல்லவர்களை எனக்குத் தெரியும். ஆனால் ஆலையில் உங்களோடு வேலை செய்யும் வங்காளதேசத்துப் பையனுக்குக் கை நசுங்கினால், ஆஸ்பத்திரிக்கு யார் கூடப் போகிறார்கள்? அதை எழுதியிருந்தால் உங்கள் அழைப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேசியிருப்பேன்.

காலேஜ் விஷயத்தை உங்கள் பாஸ்டரிடம் கேளுங்கள். ராஜினாமாக் கடிதத்தை இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். அடுத்த கடிதத்தை உங்கள் மனைவி எழுதட்டும். சுருக்காமல் போடுகிறேன்.