மெக்கோவன் இல்லாத போக்ஸ்: 1993 ஆல்பம் பற்றிக் கேள்வி பதில்

ஐரிஷ் நாட்டார் இசையையும் பங்க் ராக்கையும் கலந்த லண்டன் ஃபோக் பங்க் குழுவான தி போக்ஸ், 1991-இல் தன் பாடகர் ஷேன் மெக்கோவனை நீக்கியது. அதன்பின் வந்த முதல் ஆல்பம் ‘வெயிட்டிங் ஃபார் ஹெர்ப்’ (1993).

இதில் பாடுவது ‘தி கிளாஷ்’ குழுவின் ஜோ ஸ்ட்ரம்மர்தானே?

இல்லை. மெக்கோவன் போனபின் கச்சேரிகளில் பாடிக் கைகொடுத்தவர் ஸ்ட்ரம்மர். முந்தைய ஆல்பமான ‘ஹெல்ஸ் டிச்’சின் (1990) தயாரிப்பாளரும் அவரே. இந்த ஆல்பத்தில் முதன்மைக் குரல், குழுவின் டின் விசில் (ஆறு துளைச் சிறு உலோகக் குழல்) கலைஞர் ஸ்பைடர் ஸ்டேஸியுடையது.

போனது ஒருவர்தான். ஒலி ஏன் இவ்வளவு மாறியது?

ஜெம் ஃபைனரின் பாஞ்சோ, ஜேம்ஸ் ஃபியர்ன்லியின் அக்கார்டியன், டெர்ரி வுட்ஸின் சிட்டர்ன் என்ற கம்பி வாத்தியம் எல்லாம் அப்படியேதான் இருந்தன. ஆனால் பாடுகிற வாயால் அதே நேரத்தில் விசில் ஊத முடியாது. பாடல் வரிக்குப் பின்னால் ஓடிய விசில், முன்னிசைக்கும் இடையிசைக்கும் ஒதுங்க வேண்டியதாயிற்று. குரல் மாறியதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள்; என் காதுக்கு இந்த இழப்பே பெரிது.

பாடல் எழுதுவதும் பலர் கைக்குப் போனது. ஆனால் இது 1991-இல் தொடங்கியதல்ல. ‘பீஸ் அண்ட் லவ்’ (1989) ஆல்பத்திலேயே பாதிக்கு மேல் மற்றவர்கள் எழுதியவை. ஸ்டேஸி எழுதிய ‘டியூஸ்டே மார்னிங்’ பிரிட்டன் சிங்கிள்ஸ் தரவரிசையில் 18-ஆம் இடம் வரை ஏறியது. ‘ட்ரங்கன் போட்’ ஃபியர்ன்லியுடையது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், இரு வேறு குழுக்கள் போல இருக்கும்.

தயாரிப்பாளர்தான் கெடுத்தார் என்கிறார்களே?

மைக்கேல் புரூக்கைச் சொல்கிறீர்கள். கவ்வாலிப் பாடகர் நுஸ்ரத் ஃபதே அலி கானுடன் ‘மஸ்த் மஸ்த்’ செய்தவர். பிறகு நம் மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸுடன் ‘டிரீம்’ (1995) செய்தவரும் இவரே. விரிந்து ஒலிக்கும் பின்னணியில் தேர்ந்தவர். பங்க் இசைக்கான சொரசொரப்பு குறைந்தது உண்மை. பழியை முழுக்க அவர்மேல் போடுவது நியாயமில்லை.

எங்கள் குழுவிலும் பாடகர் விலகிவிட்டார். விசில்காரர் பாடப்போகிறார், அவருக்கு டி சுருதி எட்டவில்லை, சி சுருதி வேண்டும். என்ன மாற்றணும்?

2 கட்டையிலிருந்து 1 கட்டைக்கு இறங்குகிறீர்கள். டி விசிலிலேயே சி வாசிக்க முயல வேண்டாம். எஃப் சுரத்துக்கு மேலிருந்து ஐந்தாம் துளையைப் பாதி மூட வேண்டும். வேக நடையில் அது பிசிறும். சி விசில் வாங்குங்கள். விரல் அமைப்பு அதேதான், துளைகளின் இடைவெளி மட்டும் சற்றுக் கூடும்.

கிடார் கழுத்தில் மாட்டும் கேப்போ என்ற பிடிப்பான் சுருதியை ஏற்றும், இறக்காது. சி கார்டுகளுக்கு மாறுங்கள். டி வடிவங்களை விட மனமில்லையென்றால் ஆறு கம்பிகளையும் இரண்டு அரைசுரம் இறக்கலாம். கம்பி தளர்ந்து ஃப்ரெட்டில் அதிரும் என்பதால் 12-க்குப் பதில் சற்றுத் தடித்த 13 கேஜ் கம்பிகளைப் போடுங்கள். மாண்டலினில் டி கம்பியை விரல் வைக்காமல் திறந்துவிட்டு ரீங்காரமாகப் பிடித்த இடங்களை ஜி கம்பிக்கு மாற்றிப் பாருங்கள். பியானோ அக்கார்டியனில் சிக்கல் இல்லை.

பாட்டு தொடங்கும் வரிக்கு ஒரு பார் (ஒரு தாளச் சுற்று) முன்பே விசிலை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் முதல் சொல் மூச்சில்லாமல் வரும். அந்த இடைவெளியை அக்கார்டியனுக்குக் கொடுங்கள். பாடும் மைக்கிலேயே ஊதினால் மேல் சுரங்கள் காதைக் குத்தும். விசிலுக்குத் தனி மைக் வையுங்கள், அல்லது ஊதும்போது ஒரு முழம் பின்னால் நகரச் சொல்லுங்கள்.

இதற்கடுத்து எதைக் கேட்பது?

‘போக் மஹோன்’ (1996). ஃபியர்ன்லி, வுட்ஸ், கிடார் கலைஞர் ஃபிலிப் ஷெவ்ரான் மூவரும் அதற்குள் விலகிவிட்டார்கள். ஜேம்ஸ் மெக்னலி, ஜேமி கிளார்க், டேவிட் கோல்ட்டர் வந்தார்கள். அதே ஆண்டு குழு கலைந்தது. 2001-இல் மெக்கோவனுடன் மீண்டும் மேடை ஏறினாலும் புது ஆல்பம் வரவில்லை.